ஆகாயத்தில் ஒரு கடை, எழுந்து போக முடியாத வாடிக்கையாளர்

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிற மலிவுக் கட்டண விமானம். இரவுப் பயணம். ஜன்னலோரத்தில் கிழக்கிலங்கையின் ஓட்டமாவடிப் பக்கத்து ராத்தா ஒருவர், பக்கத்து ஆசனத்தில் நான். வீட்டு வேலைக்குப் போகிறார், அதுதான் அவருக்கு முதல் விமானம். முந்தின நாள் அஸர் தொழுதுவிட்டு வேனில் ஏறியவர். ஹபரணையில் ஒரு தேத்தண்ணி, அதற்குப் பிறகு வாயில் எதுவும் படவில்லை. கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலையும் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துவிட்டார்கள். விமானம் மேலேறி விளக்கை அணைத்ததும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தார்.

பத்து நிமிடம் இருக்காது. 'டிங்' என்று ஒரு மணிச்சத்தம், பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல். ராத்தா பதறி எழும்பிவிட்டார். இரண்டு கையும் இடுப்புப் பட்டியைத் தேடின.

"என்ன தம்பி சொல்றாங்க? பெல்ட்டப் போடச் சொல்றாங்களா?"

"இல்ல ராத்தா. சென்ட் விக்கிறாங்க."

அவர் நம்பவில்லை. நடைபாதையில் நின்ற பணிப்பெண்ணின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அந்த அறிவிப்பு இரண்டு மொழியில் வந்தது, இரண்டும் அவருடைய மொழி இல்லை. தரையிறங்குவதற்குள் இதேமாதிரி இன்னும் மூன்று தடவை மணி அடித்தது. சாப்பாட்டுக்கு ஒன்று, கைக்கடிகாரத்துக்கு ஒன்று, கடைசி வாய்ப்பு என்று சொல்லி இன்னொன்று. முதல் இரண்டு தடவையும் ராத்தா திடுக்கிட்டு எழுந்தார். பிறகு எழவில்லை.

விமானத்தில் நடக்கும் விற்பனையைப் பற்றி நம்மூரில் எல்லோரும் சலித்துக்கொள்கிறோம். 'நச்சரிப்பு' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இது எங்கிருந்து வந்தது, ஏன் நிற்காமல் கூடிக்கொண்டே போகிறது, இதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்று விளங்கிக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். ஏனென்றால் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெரு குறைவு.

பயணத்தில் விற்பது நமக்குப் புதிதல்ல. மட்டக்களப்பிலிருந்து உதயதேவி ரயிலில் கொழும்பு போனவர்களுக்குத் தெரியும். ஒருவர் கடலை வடைக் கூடையோடு ஏறுவார், அவர் இறங்குமுன்னே கச்சான்காரர் ஏறுவார், அடுத்து இறால் வடை, அடுத்து தண்ணீர்ப் போத்தல். பஸ்சிலும் அப்படித்தான். மாங்காய்க்கு உப்புத்தூள் போட்டு நீட்டுவார்கள், பிள்ளை அழும், வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்போம். அந்தச் சத்தம் எனக்கு ஒருநாளும் தொல்லையாகப் பட்டதில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். வடைக்காரர் தன் சொந்தத் தொண்டையால் கூவுகிறார். தலையை ஆட்டினால் அடுத்த ஆளிடம் போய்விடுவார். விலை அதிகமென்றால் அடுத்த ஸ்டேசனில் வேறொருவர் வருவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் ரயில்வே அதிகாரியின் குரலில் பேசுவதில்லை. "வடே, வடே" என்ற சத்தம் கேட்டு யாரும் டிக்கெட்டைத் தேடுவதில்லை.

விமானத்தில் நடப்பது வேறு. அங்கே விற்பனை வருவது அதிகாரமுள்ள ஒலிபெருக்கியில். அந்த ஒலிபெருக்கி பயணியின் உயிருக்காக வைக்கப்பட்டது. புகை வந்தால், ஆட்டம் கண்டால், அவசரமாக இறங்கவேண்டி வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்பதற்காக. ஆசனத்துக்கு ஆசனம் திரை வைத்த விமானங்களில் இதை நன்றாகக் கவனிக்கலாம்: அறிவிப்பு தொடங்கியதும் பார்த்துக்கொண்டிருக்கும் படம் நின்றுவிடும், காதில் மாட்டிய ஹெட்போனிலும் அறிவிப்புத்தான் கேட்கும். தப்ப வழியில்லாதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், அது சரியும்கூட. அந்த வழியாகவே வாசனைத் திரவியத்தையும் விற்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியபோதுதான் பிழை தொடங்கியது.

பணிப்பெண் என்ற வேலை தொடங்கிய கதையும் இதோடு சேர்ந்தது. 1930 மே மாதம் அமெரிக்காவில் எலன் சேர்ச் என்ற பெண் விமானத்தில் முதல் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவர் ஒரு தாதி. பறக்கப் பயந்த பயணிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் எடுத்தார்கள். இன்றைக்கும் சட்டம் பணியாளர் எண்ணிக்கையைப் பாதுகாப்பை வைத்தே கணக்கிடுகிறது: பெரும்பாலான நாடுகளில் 50 ஆசனத்துக்குக் குறைந்தது ஒருவர். 180 ஆசன விமானத்தில் நான்கு பேர். அந்த நான்கு பேர் அவசரக் கதவைத் திறக்கத் தெரிந்தவர்கள், தீயணைக்கப் பழகியவர்கள், மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்யக் கூடியவர்கள். அவர்கள் கையில்தான் ட்ரொலியையும் விற்பனைக் கருவியையும் கொடுத்திருக்கிறார்கள்.

விற்பனை அறிவிப்பும் பாதுகாப்பும் இரண்டு வேறு காரியம் என்று விமானத் துறைக்கு எப்போதோ தெரியும். 1974இல் அமெரிக்காவின் சார்லட் நகருக்குப் பக்கத்தில் ஒரு விமானம் இறங்கும்போது விழுந்து நொறுங்கியது. விமானிகள் பறப்புக்குச் சம்பந்தமில்லாத கதையில் இருந்ததாக விசாரணையில் வந்தது. அதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு 1981இல் அந்நாட்டில் ஒரு விதி போட்டார்கள்: புறப்படும்போதும் இறங்கும்போதும் 10,000 அடிக்குக் கீழே விமானிகள் அவசியமில்லாத எந்த வேலையும் செய்யக்கூடாது. அவசியமில்லாத வேலைக்கு அந்த விதியே உதாரணம் காட்டுகிறது. நிறுவனத்தை விளம்பரப்படுத்தும் அறிவிப்பு அதில் ஒன்று. இந்த விதி விமானிகளுக்கானது, கீழ் உயரத்துக்கானது. ஆனால் விளம்பர அறிவிப்பு பயணப் பாதுகாப்புக்கு உதவாதது என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்டு நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. பத்தாயிரம் அடிக்கு மேலே போனதும், பெல்ட் விளக்கு அணைந்ததும், கடை திறக்கிறது.

கடை எப்படி உள்ளே வந்தது? தொடக்கத்தில் அது வெறும் வசதி. 1947இல் அயர்லாந்தின் ஷனன் விமான நிலையத்தில் பிரெண்டன் ஓ'ரீகன் உலகின் முதல் தீர்வையற்ற கடையைத் திறந்தார். அத்திலாந்திக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே நின்றன, இறங்கி நின்ற பயணிகளுக்கு வரியில்லாமல் சாமான் விற்றார்கள். பிறகு அந்த யோசனை விமானத்துக்குள்ளும் ஏறியது. சாப்பாடு டிக்கெட்டோடு சேர்ந்தது, சாராயமும் சென்ட்டும் விரும்பியவர் வாங்குவது என்றிருந்தது. அமெரிக்காவில் 1989இல் ஸ்கைமோல் என்ற பட்டியல் புத்தகம் முன் ஆசனப் பையில் வந்தது. அதில் விதவிதமான வீட்டுச் சாமான், பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் புரட்டிவிட்டு வைத்துவிடலாம். அதற்குக் குரல் கிடையாது. கைத்தொலைபேசிக் காலம் வந்ததும் அதை யாரும் புரட்டவில்லை, 2015இல் அதை நடத்திய கம்பனி வங்குரோத்துக்குப் போனது.

உண்மையான மாற்றம் டிக்கெட் விலையில் நடந்தது. 1978 வரை அமெரிக்காவில் உள்நாட்டு விமானக் கட்டணத்தை அரசு தீர்மானித்தது. அந்த வருடம் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். ஐரோப்பாவில் 1997இல் முழுதாகத் திறந்துவிட்டார்கள். விலைப்போட்டி வந்தது. ரயன்எயார், ஈஸிஜெட் போன்றவை டிக்கெட்டைப் பிய்த்துப் பிய்த்து விற்கத் தொடங்கின: ஆசனம் தனி, பெட்டி தனி, சாப்பாடு தனி, முதலில் ஏறுவது தனி. 2001இல் மலேசியாவில் டோனி பெர்னாண்டஸ் கடனில் கிடந்த எயார் ஏசியாவை 1 ரிங்கிட்டுக்கு வாங்கி அதே முறையை நம்முடைய பக்கத்துக்குக் கொண்டுவந்தார். 2003இல் சார்ஜாவில் எயார் அரேபியா, 2006இல் இந்தியாவில் இண்டிகோ, 2009இல் ஃப்ளைடுபாய். இலங்கையும் 2007இல் மிஹின் லங்கா என்று ஒன்றைத் தொடங்கிப் பார்த்தது, 2016இல் அது மூடப்பட்டது. இன்றைக்கு ஃபிட்ஸ்எயார் பறக்கிறது.

இதில் நமக்கு நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். மலிவு டிக்கெட் வந்திராவிட்டால் எங்கள் பகுதியிலிருந்து உம்ராவுக்கும், சென்னை ஆஸ்பத்திரிக்கும், திருத்தல யாத்திரைக்கும் போன எத்தனையோ பேர் போயிருக்கவே மாட்டார்கள். ஆனால் டிக்கெட்டில் குறைந்த காசு எங்கேயோ ஒரு இடத்தில் திரும்ப வந்தாக வேண்டும். அது வரும் வழிகளில் ஒன்றுதான் அந்த 'டிங்'.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2024 ஜூனில் கொடுத்த மதிப்பீட்டின்படி, அந்த வருடம் உலக விமான நிறுவனங்களுக்கு ஒரு பயணியால் மிஞ்சும் நிகர இலாபம் 6 டொலர் 14 சதம். அவ்வளவுதான். எரிபொருள், குத்தகை, விமான நிலையக் கட்டணம், சம்பளம் எல்லாம் போக ஒரு ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. இந்த நிலைமையில் ஒரு பயணி ஒரு சான்ட்விச்சும் ஒரு கோப்பியும் வாங்கினால், அந்த ஆசனத்தின் இலாபக் கணக்கே வேறாகிவிடும். ரயன்எயார் 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் பெற்ற வருமானம் 13.44 பில்லியன் யூரோ. அதில் 4.3 பில்லியன் டிக்கெட் அல்லாத பக்க வருமானம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதில் பெரும்பங்கு பெட்டிக்கும் ஆசனத் தெரிவுக்கும் வரும் காசு. விமானத்துக்குள்ளே விற்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அந்த நிறுவனம் சுரண்டிப் பார்க்கும் லொத்தர் சீட்டைக்கூட ஆகாயத்தில் விற்கிறது.

விற்கும் பிள்ளைகளின் பக்கமும் பார்க்க வேண்டும். மலிவு விமானங்களில் அடிப்படைச் சம்பளம் குறைவு, விற்பனையில் ஒரு வீதம் கமிஷன். யார் எவ்வளவு விற்றார்கள் என்பது கையிலிருக்கும் கருவியில் பதிவாகும். அதே ஆட்கள்தான் பல நிறுவனங்களில் விமானம் தரித்து நிற்கும் அரைமணி நேரத்தில் ஆசனத்துக்கு அடியில் கிடக்கும் குப்பையையும் பொறுக்குகிறார்கள். சிரித்த முகத்தோடு நான்காவது தடவை ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வருகிறவள்மீது எரிந்து விழுவதில் நியாயம் இல்லை. அவளும் யாரோ ஒரு வீட்டுக்குக் காசு அனுப்புகிறவள்.

விற்பனைக்குப் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதல் சுற்று சூடான சாப்பாடு. நான்காவது வரிசையில் ஒருவர் நூடில்ஸ் வாங்கினால் அந்த வாசம் பத்தாவது வரிசை வரைக்கும் போகும், அது வராத பசியையும் வரவழைக்கும். பிறகு குடிபானம், பிறகு சென்ட், கைக்கடிகாரம், விளையாட்டு விமானம். விளையாட்டு விமானம் பிள்ளையுள்ள ஆசனத்துக்குப் பக்கத்தில் வரும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும், இது நான் கண்ணால் பார்த்தது. கொழும்பு – சென்னை போன்ற ஒன்றேகால் மணித்தியாலப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும் போக மிஞ்சுவது ஒரு நாற்பது நிமிடம். இத்தனை சுற்றையும் அந்த நாற்பது நிமிடத்துக்குள் அடைக்கிறார்கள். குறும்பயணத்தில் தொல்லை கூடுதலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைப்பார்கள். நுவரெலியா நகரம் சுமார் 6,100 அடி, பிதுருதலாகலை உச்சி 8,281 அடி. அதாவது, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் நுவரெலியாவுக்கும் பிதுருதலாகலை உச்சிக்கும் இடையில் எங்கோ உட்கார்ந்திருப்பது போல. ஆனால் மலையிலிருக்கும் ஈரம் அங்கே இல்லை. காற்றின் ஈரப்பதன் 20 வீதத்துக்கும் கீழே போய்விடும். வாவிக்காற்றில் பிறந்து வளர்ந்த நமக்கு அது எவ்வளவு வறட்சி என்று யோசித்துப் பாருங்கள். உதடு காயும், தொண்டை ஒட்டும். உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கும், அதனால்தான் அங்கே விற்கும் சாப்பாட்டில் உறைப்பும் சாரமும் கூட. அது தாகத்தை இன்னும் கூட்டும். கையில் தண்ணீர் கொண்டுபோகலாமென்றால், 2006 ஓகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி பிடிபட்ட பிறகு பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவத்தை உள்ளே விடுவதில்லை. அந்த விதிக்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனாலும் விளைவைப் பாருங்கள்: தாகம் உண்டாகும் இடத்தில், கொண்டுவந்த தண்ணீரைப் பறித்துவிட்டு, தண்ணீரை விலைக்கு விற்கிறார்கள். மற்ற எல்லா விற்பனையையும் நான் பொறுத்துக்கொள்வேன். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தவர் கேட்டால் செம்பில் தண்ணீர் கொடுத்து வளர்ந்த ஊர்க்காரன் நான்.

அமெரிக்காவில் இந்தத் தொல்லைக்கு வேறொரு உருவம் இருக்கிறது. அங்கே ஒலிபெருக்கியில் விற்பது கடனட்டை. இறங்க அரைமணி இருக்கும்போது நீளமாகப் பேசி விண்ணப்பப் படிவத்தை வரிசை வரிசையாக நீட்டுவார்கள். ஏற்றுக்கொள்ளப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பணியாளருக்குக் காசு. ஏன் இத்தனை மும்முரம் என்றால், டெல்டா நிறுவனத்துக்கு 2024இல் மட்டும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கடனட்டைக் கம்பனியிடமிருந்து 7.4 பில்லியன் டொலர் கிடைத்தது. பறப்பதைவிட அட்டையும், அதைப் பாவித்தால் சேரும் பயணப் புள்ளியும் நம்பகமான வருமானமாகிவிட்டன. கொரோனாக் காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடட் நிறுவனம் தன் புள்ளித் திட்டத்தை ஈடு வைத்தே 6.8 பில்லியன் டொலர் கடன் திரட்டியது. நம்முடைய விமானங்களில் கடனட்டை வியாபாரம் இன்னும் அந்தளவுக்கு வரவில்லை.

சரி, நம்முடைய ஆட்களுக்கு வருவோம்.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தொடங்கியது 1985இல். அதற்கு முன்னும் பின்னும் கிழக்கிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களில் பெண்கள் நிறையப் பேர். ஏறாவூர், வாழைச்சேனை, காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று ஒவ்வொரு ஊரிலும், தமிழரிலும் முஸ்லிம்களிலும், அவர்கள் காசில் எழும்பிய கல்வீடுகளைக் காட்டலாம். இவர்களுக்கு ஏஜென்ட் எடுத்துக் கொடுப்பது ஆகக் குறைந்த டிக்கெட். அதில் சாப்பாடு சேர்ந்ததா, பெட்டி எத்தனை கிலோ என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. டிக்கெட்டைப் பார்த்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

அவர்களுக்கு அந்த அறிவிப்பு என்னவாகக் கேட்கிறது? ஆங்கிலம் தெரிந்த ஒருவருக்கு அது விளம்பரம், காதை மூடிக்கொள்ளலாம். மொழி தெரியாதவருக்கு அது ஒரு கட்டளை. சீருடை போட்டவர் ஒலிபெருக்கியில் எதையோ சொல்கிறார், எதையோ செய்யச் சொல்கிறார். விமான நிலையத்தில் காலையிலிருந்து சீருடைக்காரர் சொன்ன எல்லாவற்றையும் செய்தபடிதான் அவர் வந்திருக்கிறார்: சப்பாத்தைக் கழற்று, கையைத் தூக்கு, அங்கே நில், விரலை வை. அந்த வரிசையில்தான் இதுவும் வருகிறது. கல்முனைப் பக்கத்து நண்பர் ஒருவர் சொன்னது: அவர் மாமியாரிடம் ட்ரொலிக்காரர் ஒரு பெட்டிச் சாப்பாட்டைக் காட்டி ஏதோ கேட்டிருக்கிறார், இவர் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார், திறந்து பாதி சாப்பிட்ட பிறகு கை நீட்டிக் காசு கேட்டார்கள். கையில் இருந்தது அவசரத்துக்கென்று மகன் மடித்துக் கொடுத்த ஒரேயொரு டொலர் தாள். மிச்சக் காசு வேறு நாட்டுச் சில்லறையாக வந்தது, அதை ஊரில் எங்கேயும் மாற்ற முடியவில்லை.

டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டுபாய்ப் பக்கத்துக் காசான திர்ஹம் ஒன்று 80 ரூபாய்க்கு மேல். விலைப்பட்டியலில் 10 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் சின்னத் தொகையாகத் தெரியும், கையில் எடுத்தால் 800 ரூபாய். 2022இல் ரூபாய் விழுந்த சில மாதத்தில் அதே பத்து ஆயிரத்துக்குக் கிட்டப் போயிற்று. ஆகாயத்தில் விலை டொலரிலோ திர்ஹமிலோதான் நிற்கிறது, நம்முடைய கைதான் ஆடுகிறது.

இதைவிட எனக்கு மனது கேட்காத இன்னொன்று உண்டு. ஒருதரம் இப்படிக் காசு கொடுத்துச் சூடுபட்டவர், அடுத்த தடவை சாப்பாடு டிக்கெட்டோடு சேர்ந்த விமானத்தில் வருவார். பணிப்பெண் தட்டை நீட்டுவாள். இவர் "வேணாம், வேணாம்" என்று கையை விரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒப்பந்தம் முடித்துத் திரும்பிய பெரியம்மா ஒருவர் முழுப் பயணமும் பட்டினியாக வந்ததை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். "காசு கேப்பாங்க எண்டு நினைச்சன் மனே" என்றார். அவருக்குரிய சாப்பாட்டுக்கான காசு டிக்கெட்டிலேயே கட்டப்பட்டிருந்தது.

அதே பெரியம்மா கட்டுநாயக்கவில் வந்திறங்கும் பகுதியில் இருக்கும் தீர்வையற்ற கடையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கியிருக்கிறார். உடுப்புத் தோய்க்கும் மெஷின், டீவி, அடுப்பு என்று அந்தக் கடைவரிசை உலகத்தில் வேறெங்கும் காண்பது அரிது. திரும்பி வரும் நம் ஆட்களை நம்பித்தான் அந்தக் கடைகள் நடக்கின்றன. அங்கே விற்பனைப் பையன்கள் கூப்பிடத்தான் செய்வார்கள். ஆனால் பெரியம்மா நாலு கடை ஏறி இறங்கினார், வெளியே காத்திருந்த மகனுக்குப் போன் எடுத்து எத்தனை லீற்றர் என்று கேட்டார், விலையைக் குறைக்கச் சொன்னார், பிடித்ததை எடுத்தார். அவரிடம் விற்றதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவருக்கு எழுந்து நடக்கக் கால் இருந்தது, கேட்க மொழி இருந்தது. ஆகாயத்தில் இரண்டும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், டிக்கெட் விற்கும் இடத்தில் கொஞ்சம் காவல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, கட்ட வேண்டிய முழுத் தொகையையும் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும், மேலதிக சேவைகளைப் பயணி தானாகத் தெரிவு செய்தால்தான் சேர்க்கலாம் என்கிறது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. ஆனால் 1944 சிக்காகோ உடன்படிக்கையின்படி ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக்குரியது. கதவு மூடி மேலேறிய பிறகு அங்கே நடக்கும் விற்பனை நம்முடைய சபையின் கைக்கு எட்டுவது கடினம். மொழிக்கும் இதே கதி. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. விமான நிலையத்தில் எழுத்து தமிழிலும் தொங்குகிறது. வெளிநாட்டு விமானத்தின் வாசற்படியோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

நிறுவனங்களிடம் கேட்கக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. விற்பனைக்கு ஒலிபெருக்கியைத் தொடாதிருங்கள். ட்ரொலி வந்தால் வேண்டியவர் கூப்பிடுவார், பட்டியல் ஆசனப் பையில் கிடக்கட்டும். விளக்கணைத்த பிறகு தொடவே வேண்டாம். கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் பறக்கும் விமானத்தில் "இது இலவசமல்ல" என்ற இரண்டு சொல்லையாவது தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டையைப் பொருளை நீட்டுமுன் காட்டலாம். ஒரு குவளைத் தண்ணீரைக் கேட்காமலே கொடுக்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லும் பணியாளரை நான் சந்தித்ததில்லை, ஆனால் எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல்தான் நம் ஆட்கள் கேட்பதே இல்லை.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. வெறும் போத்தலைச் சோதனையில் பறிக்க மாட்டார்கள், கொண்டுபோய் உள்ளே தண்ணீர் கிடைக்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். பணிஸ், ரோல்ஸ், கச்சான், பேரீச்சம்பழம் போன்ற காய்ந்த சாப்பாட்டுக்கும் சோதனையில் பெரும்பாலும் தடையில்லை. சில நிறுவனங்கள் வெளிச்சாப்பாட்டை விமானத்துக்குள் உண்ணக்கூடாது என்று விதி வைத்திருக்கின்றன, அதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். சாப்பாடு வேண்டுமென்றால் டிக்கெட்டோடு முன்கூட்டியே பதிவது பல நிறுவனங்களில் மலிவு. அம்மாவையோ அக்காவையோ அனுப்பும்போது, சாப்பாடு சேர்ந்ததா இல்லையா என்று ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். வீட்டுப் பணிக்குப் போகிறவர்களுக்குப் பணியகம் நடத்தும் பயிற்சியில் வொஷிங் மெஷினையும் அயன்பொக்ஸையும் பழக்குகிறார்கள். விமானத்துக்குள்ளே எந்த அறிவிப்புக்கு எழும்ப வேண்டும், எதற்கு எழும்பத் தேவையில்லை என்பதையும் அரைமணி நேரம் சொல்லிக் கொடுக்கலாம்.

அன்றைக்கு விமானம் இறங்கத் தொடங்கியபோது ஐந்தாவது தடவை மணி அடித்தது. ஆசனத்தை நிமிர்த்துங்கள், பட்டியைக் கட்டுங்கள் என்ற அறிவிப்பு. ராத்தா அசையவில்லை. நான் கூப்பிட்டேன்.

"சென்ட் எனக்கு வேணாம் தம்பி" என்றார் கண்ணைத் திறக்காமலே.

பணிப்பெண் வந்து குனிந்து, அவர் மடியில் கிடந்த பட்டியின் இரண்டு முனையையும் எடுத்துப் பூட்டினாள்.